சம்ப், டிரம், மணல் குவியல்: வயது வந்தோருக்குக் கன அளவு கற்பிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டட வேலை செய்பவர்கள். சனிக்கிழமை மாலை வாரக்கூலி வாங்கிவிட்டு, கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை இதற்காக ஒதுக்குகிறவர்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சிலரும், கல்யாணச் சமையலுக்குப் போகும் ஒருவரும், தண்ணீர் டேங்கர் ஓட்டும் ஒருவரும் இருக்கிறார்கள். சிலர் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத நினைப்பவர்கள். மற்றவர்களுக்குத் தேர்வு வேண்டாம். தங்கள் தொழிலில் வரும் கணக்கைத் தாங்களே போடத் தெரிந்தால் போதும்.

கன அளவுப் பாடத்தை முதன்முறை எடுத்தபோது, கனச்சதுரம் முதல் கோளம் வரை ஐந்து சூத்திரங்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். எல்லோரும் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒரு தண்ணீர் டிரம்மைக் காட்டி, இதில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டபோது ஒருவராலும் தொடங்க முடியவில்லை. ஆனால் அதே டிரம்மைப் பார்த்தவுடன், “இருநூறு லிட்டர் டிரம் சார் இது” என்று கொத்தனார் ஒருவர் சொல்லிவிட்டார். அவருடைய கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கும் பலகையில் நான் எழுதிய சூத்திரத்துக்கும் இடையே எந்தத் தொடர்பையும் நான் ஏற்படுத்தவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கீழே உள்ள வரிசை அதற்குப் பிறகு படிப்படியாக உருவானது. ஆறு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நிதானமாக முடிக்கலாம்.

முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு பக்கம் சென்டிமீட்டரும் மறுபக்கம் அங்குலமும் உள்ள இஞ்சு டேப், தடித்த அட்டை, கத்தரிக்கோல், நூல்கண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மூன்று கிலோ ராகி, ஒரு மீட்டர் நீளத்தில் வெட்டிய 12 மெல்லிய குச்சிகள், சரிபாதியாக அறுத்த மெல்லிய பிளாஸ்டிக் பந்து, ஒரே அளவுள்ள சின்ன மரக்கட்டைகள் நூறு. கட்டைகள் கிடைக்காவிட்டால் தீப்பெட்டிகளே போதும். ராகியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அரிசியும் பருப்பும் மூலைகளில் இடைவெளி விட்டு நிற்கும், ராகி தண்ணீரைப் போலச் சரிந்து இறங்கும், சிந்தினாலும் பெருக்கி எடுத்துக்கொள்ளலாம்.

கைபேசியில் கணிப்பானைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது. வாய்ப்பாடு மறந்துபோனவர்களை இந்தப் பாடத்தில் பெருக்கலால் அலைக்கழித்தால் வடிவத்தின் மேல் இருக்க வேண்டிய கவனம் எண்களில் போய்விடும். ஆனால் ஒரு நிபந்தனை: கணிப்பானைத் தொடுவதற்கு முன், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பீட்டைப் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், கடைசிவரை அழிக்காதீர்கள்.

அடுக்கிலிருந்து தொடங்குதல்

முதல் வகுப்பில் சூத்திரம், சமன்பாடு எதுவும் வேண்டாம். லாரியிலிருந்து இறக்கி அடுக்கி வைத்த சிமென்ட் பிளாக்குகளை எப்படி எண்ணுவீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொன்றாக எண்ணுவேன் என்று கட்டட வேலை செய்யும் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒரு மேஸ்திரி சொன்ன பதில் இது: “நீளத்துக்குப் பன்னெண்டு, அகலத்துக்கு அஞ்சு, அறுபது ஆச்சா? அப்புறம் எத்தனை வரிசை உசரம்னு பார்த்தா முடிஞ்சுது.” ஆறு வரிசை உயரம் இருந்தால் 360 பிளாக்குகள்.

இந்தப் பாடம் முழுவதும் அந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. ஓர் அடுக்கில் எவ்வளவு, அப்படி எத்தனை அடுக்கு என்னும் இரண்டு கேள்விகள்தான் கன அளவு. அவர் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி, அடியில் உள்ள அடுக்குக்கு ‘அடிப்பரப்பு’ என்றும், அடுக்குகளின் எண்ணிக்கைக்கு ‘உயரம்’ என்றும் பெயர் மட்டும் கொடுங்கள். பிறகு மரக்கட்டைகளைக் கொடுத்து, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது ஒரு பெட்டி வடிவத்தை அடுக்கச் சொல்லுங்கள். ஒரு குழு அடுக்கியதை அடுத்த குழு எண்ணாமல் கணக்கிட வேண்டும். பிறகு கலைத்து எண்ணிச் சரிபார்க்க வேண்டும். கையில் எண்ணியதும் கணக்கில் வந்ததும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும்போது முகத்தில் வரும் தெளிவுக்காக அரை மணி நேரம் செலவழித்தாலும் வீணில்லை.

இங்கே பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்களுடைய பிள்ளைகள் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். வீட்டில் ‘கனபல’ என்றும் ‘வால்யூம்’ என்றும் கேட்டுப் பழகியிருப்பார்கள். வேலையிடத்தில் கன அடியைச் ‘சி.எஃப்.டி.’ என்பார்கள். நாம் சொல்லும் ‘கன அளவு’ அதே பொருள்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாத்திரத்தின் உள்ளே பிடிக்கும் அளவைக் ‘கொள்ளளவு’ என்று பிரித்துச் சொல்வதும் நல்லது. அந்த வேறுபாடு சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கணக்கில் நமக்குத் தேவைப்படும்.

அலகை கையில் பிடித்துக் காட்டுதல்

10 செ.மீ. நீளம், அகலம், உயரம் கொண்ட மேல்மூடியில்லாத பெட்டி ஒன்றை அட்டையில் செய்து, உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒரு லிட்டர் பாட்டிலை அதில் ஊற்றுங்கள். தண்ணீர் விளிம்பில் வந்து நிற்கும். 10 × 10 × 10 = 1,000 கன சென்டிமீட்டர்தான் ஒரு லிட்டர் என்பதைச் சொல்ல வேண்டிய தேவையே இராது.

அடுத்து 12 குச்சிகளையும் கட்டி ஒரு கன மீட்டர் சட்டகத்தை அறையின் நடுவில் நிறுத்துங்கள். இதற்குள் எத்தனை லிட்டர் பெட்டிகள் அடங்கும் என்று கேட்டால் பெரும்பாலும் நூறு என்றே பதில் வரும். மறுக்க வேண்டாம். தரையில் ஒரு விளிம்போரமாக லிட்டர் பெட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பத்து முறை எண்ணச் சொல்லுங்கள்; ஒரு வரிசைக்குப் பத்து, பத்து வரிசைக்கு நூறு, அது முதல் அடுக்கு மட்டுமே. அதன் மேல் இன்னும் ஒன்பது அடுக்குகள் ஏற வேண்டும் என்பது தெரியும்போது ஆயிரம் என்ற எண் அவர்களிடமிருந்தே வரும். எங்கள் வகுப்பில் இரண்டு பெண்கள் அந்தச் சட்டகத்துக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆயிரம் லிட்டர் எவ்வளவு பெரிது என்பது அவர்களுக்கு இனி மறக்காது.

இந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டால் ஊர்ச் செய்திகளையும் படிக்க முடியும். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் பெங்களூருவுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தருவதற்காக அமைக்கப்பட்டது. அது 7,75,000 கன மீட்டர். ஒரு பக்கம் ஏறத்தாழ 92 மீட்டர் உள்ள கனச்சதுரத் தொட்டி ஒன்று இருந்தால் அந்த ஒரு நாள் தண்ணீர் முழுவதும் அதில் அடங்கிவிடும். கோடிகளில் சொன்னபோது வராத பிடிமானம், ஒரு தொட்டியாகச் சொன்னவுடன் வந்துவிடுகிறது.

அடிக்கணக்கையும் விடக் கூடாது, ஏனென்றால் இவர்கள் வேலை செய்வது அடியில்தான். ஓர் அடி 30.48 செ.மீ.; ஆகவே ஒரு கன அடி 28.32 லிட்டர். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் ஒரு கன மீட்டரும் 3.28 கன அடிதான் என்று நினைப்பது இயல்பான பிழை. 3.28 × 3.28 × 3.28 என்று பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடிக்குச் சமம். சட்டகத்தின் ஒரு மூலையில் ஓர் அடிப் பெட்டியை வைத்துக் காட்டினால் 3.28 என்ற விடை எவ்வளவு தவறானது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பெட்டி வடிவம்: சம்பும் கூரைத் தளமும்

கனச்செவ்வகத்துக்குப் பெங்களூருவில் சம்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. வீட்டுக்கு அடியில் தரைமட்டத்துக்குக் கீழே கட்டும் அந்தத் தொட்டியைக் கட்டியவர்களும், அதிலிருந்து தண்ணீர் எடுத்துப் பாத்திரம் துலக்குகிறவர்களும், அதில் டேங்கரிலிருந்து தண்ணீர் இறக்குகிறவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உள் அளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்று கொள்வோம். அடிப்பரப்பு 48 சதுர அடி, ஐந்து அடுக்கு, 240 கன அடி. லிட்டருக்கு மாற்ற 28.32ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6,800 லிட்டர். அடுத்து, இதே சம்பை வெளிப்புறமாக அளந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சுவர் 9 அங்குலக் கனம் என்றால் வெளி நீளம் 9½ அடி, வெளி அகலம் 7½ அடி. பெருக்கிப் பார்த்தால் 356 கன அடி, அதாவது 10,000 லிட்டருக்கும் மேல். மூவாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம் முழுவதும் சுவர். தண்ணீருக்கு உள் அளவு, கான்கிரீட்டுக்கு வெளி அளவிலிருந்து உள் அளவைக் கழித்த மிச்சம் என்று இங்கேதான் பிரித்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கு வகுப்பில் ஒரு வழக்கையே தீர்த்துவைத்தது. 2024 மார்ச்சில், தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, மாவட்ட நிர்வாகம் டேங்கர்களுக்கு விலை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்பது அதில் ஒன்று. மேலே சொன்ன அளவில் சம்ப் உள்ள ஒரு வீட்டில் வேலை செய்யும் அக்கா, டேங்கர் வந்து போன பிறகும் சம்ப் நிறைவதே இல்லை என்று சொன்னார். அளக்கச் சொன்னோம். டேங்கர் வருவதற்கு முன் தண்ணீர் மட்டம் 6 அங்குலம், வந்து போன பிறகு 4 அடி 3 அங்குலம். ஏறியது 3¾ அடி. 48 × 3.75 = 180 கன அடி; அது 5,100 லிட்டர்தான். 6,000 லிட்டர் வந்திருந்தால் மட்டம் ஏறக்குறைய 4 அடி 5 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் தாமே போட்டு, வீட்டுக்காரரிடம் தாளில் காட்டினார்.

இரண்டு பிழைகளை இந்தக் கட்டத்திலேயே களைய வேண்டும். 4 அடி 5 அங்குலத்தைக் கணிப்பானில் 4.5 என்று அடிப்பது முதலாவது. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அது 4.42. மூன்று அங்குலம் கால் அடி, ஆறு அரை, ஒன்பது முக்கால் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து தொடங்கி மற்றவற்றைப் பன்னிரண்டால் வகுக்கப் பழக்கலாம். இரண்டாவது, அலகுகளைக் கலந்து பெருக்குவது. 30 அடிக்கு 20 அடியில் 5 அங்குலக் கனத்தில் கூரைத் தளம் போட எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்றால், 30 × 20 × 5 என்று பெருக்கி 3,000 கன அடி என்பார்கள். கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணே உறுத்தும், உறுத்தும்வரை காத்திருங்கள். 600 சதுர அடியை ஐந்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 250 கன அடி, ஏறத்தாழ 7 கன மீட்டர். 6 கன மீட்டர் ஏற்றும் ரெடிமிக்ஸ் லாரி என்றால் ஒரு லோடு போதாது, இன்னும் ஒரு கன மீட்டர் வேண்டும் என்பதைத் தளம் போடும் நாளுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

உருளை: அடுக்கு வட்டமாகிறது

உருளைக்கு வந்தவுடன் புதிய பாடம் தொடங்குவதாக அறிவிக்காதீர்கள். அடுக்குதான் வட்டமாகிறது, கேள்விகள் அதே இரண்டு. ஆகவே இங்கே உண்மையில் கற்பிக்க வேண்டியது வட்டத்தின் பரப்பு மட்டுமே.

ஆளுக்கொரு மூடியைக் கொடுங்கள்: டப்பா மூடி, குக்கர் மூடி, டிரம் மூடி எதுவானாலும் சரி. நூலால் சுற்றளவை அளந்து விட்டத்தால் வகுக்கச் சொன்னால் எல்லோருக்கும் மூன்றும் கொஞ்சமும் வரும். அந்த எண்ணுக்கு 22/7 என்ற பின்னம் நமக்குப் போதுமானது. பிறகு ஒரு காகிதத் தட்டைப் பதினாறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றின் முனை மேலும் அடுத்ததன் முனை கீழுமாக மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஏறத்தாழ ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு வரும் என்பது பழைய தமிழ்க் கணக்கிலும் உள்ள வழிதான். இந்த வடிவத்திலேயே சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் சுற்றளவையும் விட்டத்தையும் நேரடியாக டேப்பால் அளக்க முடியும். ஆரத்தின் வர்க்கத்தை யாரும் அளப்பதில்லை.

வகுப்பிலிருந்த டிரம்மின் உள்விட்டம் 56 செ.மீ., உயரம் 84 செ.மீ. சுற்றளவு 176, அதில் பாதி 88, ஆரம் 28, பெருக்கினால் 2,464 சதுர செ.மீ. 84 செ.மீ. உயரத்தால் பெருக்கினால் 2,06,976 கன செ.மீ., அதாவது 207 லிட்டர். கொத்தனார் அன்றைக்குப் பார்த்தவுடன் சொன்ன இருநூறு இதுதான்.

ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தையே போட்டுவிட்ட ஒருவருக்கு 828 வந்தது. பலகையின் ஓரத்தில் அவர் முன்பு சொன்ன மதிப்பீடு 200 என்று இருந்ததால், எங்கே தவறினார் என்பதை என் உதவியில்லாமல் அவரே தேடிக் கண்டுபிடித்தார். நான்கு மடங்கு தவறினால் விட்டத்தைப் பார் என்பது அதன் பிறகு வகுப்பில் ஒரு வழக்காகிவிட்டது.

கூம்பு: மூன்றில் ஒன்று எங்கிருந்து வருகிறது

இந்தப் பாடத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. பெரும்பாலான பாடங்களில் மூன்றில் ஒன்று என்பதை ஆசிரியர் சொல்ல, மாணவர் நம்ப வேண்டியிருக்கிறது. வயது வந்தவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஒரே அடியும் ஒரே உயரமும் கொண்ட உருளையையும் கூம்பையும் அட்டையில் செய்ய வேண்டும். ஆரம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ. என்று எடுத்தால் எண்கள் ஒழுங்காக வரும். உருளைக்கு 31.4 செ.மீ. நீளமும் 12 செ.மீ. உயரமும் உள்ள அட்டைத்துண்டு, ஒட்டுவதற்கு ஒரு செ.மீ. கூடுதலாக. கூம்புக்கு 13 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் நூலை வைத்து 31.4 செ.மீ. தூரத்தைக் குறித்து, இரு முனைகளிலிருந்தும் மையத்துக்குக் கோடு போட்டு வெட்டிச் சுருட்டினால் போதும். கோணமானி தேவையில்லை. 13 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, 5இன் வர்க்கம் 25, 12இன் வர்க்கம் 144, கூட்டினால் 169, அது 13இன் வர்க்கம் என்று காட்டலாம். மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அளவைப் பயன்படுத்தும் கொத்தனார்களுக்கு இது புதிதல்ல.

ராகியை நிரப்புவதற்கு முன் எத்தனை கூம்பு ராகி உருளையை நிரப்பும் என்று கேளுங்கள். எல்லா முறையும் பெரும்பான்மையோர் இரண்டு என்கிறார்கள். முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்பது மனதில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. இந்தப் பதிலைச் சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். கி.பி. 499இல் ஆரியபட்டரே கூம்பகத்தின் கன அளவை அடிப்பரப்பு, உயரம் இவற்றின் பெருக்கலில் பாதி என்று சொன்னதாகத்தான் பெரும்பாலான உரைகள் பொருள் கொள்கின்றன. 628இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொன்னார். ஆரியபட்டர் போன்ற பெரிய அறிஞருக்கும் தோன்றிய எண்ணம் நமக்கும் தோன்றியிருக்கிறது என்றவுடன் அறையில் இறுக்கம் குறைந்துவிடும். பிறகு அவர்களையே ஊற்றச் சொல்லுங்கள். முதல் கூம்பு ராகி உருளையில் 4 செ.மீ. உயரம் நிற்கும், இரண்டாவதில் 8, மூன்றாவதில் விளிம்பு.

இதை வேலையிடத்துக்குக் கொண்டுபோக எம்-சாண்ட் குவியல் இருக்கிறது. குவியலின் அடிச்சுற்றளவு டேப்பில் 22 அடி என்றால் ஆரம் 3.5 அடி, அடிப்பரப்பு 38.5 சதுர அடி. உயரம் 2.4 அடி என்றால் கன அளவு 38.5 × 2.4 ÷ 3 = 30.8 கன அடி. ஆனால் அந்த 2.4ஐ எப்படி அளப்பது? டேப்பை உச்சியில் வைத்து மணலின் மேலேயே கீழே இறக்கினால் 4¼ அடி வரும். அது சரிவின் நீளம், அதாவது சாயுயரம். அதைப் போட்டால் 54 கன அடிக்கு மேல் வந்து, குவியல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன், ஏனென்றால் வழி அவர்களுக்குத் தெரியும்: நீண்ட பலகை ஒன்றை உச்சியிலிருந்து கிடைமட்டமாக நீட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன் ஓரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தரைவரை இறக்கி நூலை அளந்தால் நேர் உயரம் கிடைக்கும். தங்கள் தொழில் கருவிகளே கணக்குப் பாடத்தின் கருவிகள் என்பதை அவர்கள் வாயால் கேட்பது நல்லது.

கோளம், அதோடு பெருகும் அளவு

அறுத்த பந்தின் பாதியையும், அதே ஆரமும் ஆரத்துக்குச் சமமான உயரமும் கொண்ட ஒரு கூம்பையும் ஓர் உருளையையும் வைத்துக்கொண்டு ராகியால் நிரப்பினால், கூம்பு ஒன்று, அரைப் பந்து இரண்டு, உருளை மூன்று என்ற விகிதம் கிடைக்கும். ஆகவே கோளம், அதைச் சரியாக அடக்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் தம் கண்டுபிடிப்புகளில் இதையே மிகப் பெரிதாகக் கருதி, தம் கல்லறையில் உருளைக்குள் அடங்கிய கோளத்தைப் பொறிக்க விரும்பினார்; கி.மு. 75இல் சிசிலியில் ரோமானிய அதிகாரியாக இருந்த சிசெரோ, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை அந்தச் சின்னத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார். சூத்திரம் மறந்தவர்களுக்கு அந்தப் படத்தை வரைந்து காட்டினால் போதும்: ஆரம் × ஆரம் × ஆரம் × 22/7 × 4/3 என்பதை அவர்களே வருவித்துக்கொள்ளலாம்.

சமையல்காரருக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. 4 செ.மீ. விட்டத்தில் நூறு லட்டு வரும் பூந்தியை 5 செ.மீ. விட்டத்தில் பிடித்தால் எத்தனை வரும்? எண்பது என்று எல்லோரும் சொல்ல, அவர் மட்டும், “பாதிதான் சார் தேறும்” என்றார். 4 × 4 × 4 = 64; 5 × 5 × 5 = 125; நூறுக்கு 51 லட்டுகள்தான் வரும். அளவு எல்லாப் பக்கமும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகும் என்பதை அண்டாவை வைத்து அவரே மற்றவர்களுக்கு விளக்கினார். இந்த ஓர் உண்மை புரிந்தவர்களுக்குக் கன அளவில் பெரிய தவறு வராது.

வேகமாகக் கடக்கக்கூடியவை

பக்கெட் போன்ற இடைக்கண்ட வடிவத்துக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் முழுச் சூத்திரத்தையும் கொடுங்கள். மற்றவர்களுக்கு மேல் ஆரம், கீழ் ஆரம் இரண்டின் சராசரியை எடுத்து உருளையாகக் கணக்கிட்டால் போதும். மேலே 14, கீழே 11, உயரம் 26 செ.மீ. உள்ள பக்கெட்டுக்கு முழுச் சூத்திரத்தில் 12.83 லிட்டர் வருகிறது, சராசரி வழியில் 12.77. கீழ்ப்புறம் மிகவும் ஒடுங்கிய வடிவங்களுக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி ஒத்துவராது.

அம்மிக் குழவி போன்ற ஒழுங்கற்ற பொருளை விளிம்புவரை நிறைந்த பாத்திரத்தில் மெதுவாக இறக்கி, வழிந்த தண்ணீரை அளக்க வேண்டும். மழைக்கும் இதே அடுக்குக் கணக்குதான். 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெங்களூருவில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் இது பயனுள்ள கணக்கும்கூட: 30க்கு 40 அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், 111.5 சதுர மீட்டர் அடிப்பரப்பின் மேல் ஒரு செ.மீ. அடுக்கு, அதாவது 1,115 லிட்டர் தண்ணீர் விழுகிறது.

தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் விடைத்தாளில் நான்கு வரிகளை வலியுறுத்துங்கள்: கொடுக்கப்பட்ட அளவுகள் ஒரே அலகில், சூத்திரம், எண்களை இட்ட வரி, அலகோடு விடை. ஆரமா விட்டமா, உயரமா சாயுயரமா என்பதை வினாவிலேயே கோடிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வடிவங்களைக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் தனிப்பயிற்சி அதிகம் தேவைப்படுவதில்லை.

கடைசி வகுப்பு: அளவுக்குச்சி

எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு தொட்டிக்கோ பாத்திரத்துக்கோ லிட்டர் காட்டும் குச்சி ஒன்றைச் செய்து வர வேண்டும். தண்ணீருக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்தவுடன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

சம்புக்குக் குச்சி செய்த அக்கா, 48 சதுர அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு ஏறத்தாழ 113 லிட்டர் என்று கணக்கிட்டு, 8.8 அங்குலத்துக்கு ஒரு கோடாக ஆயிரம் ஆயிரமாகக் குறித்திருந்தார். டிரம்முக்குச் செய்தவரின் கோடுகளும் சம இடைவெளியில் இருந்தன. பக்கெட்டுக்குச் செய்து வந்த இளைஞர், முதல் முறை சம இடைவெளியில் கோடு போட்டுவிட்டு, ஒவ்வொரு லிட்டராக ஊற்றிப் பார்த்தபோது ஒத்துவரவில்லை என்பதால் குச்சியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தில் புதிதாகக் குறித்திருந்தார். அந்தக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கி வந்தன. ஏன் அப்படி என்று நான் கேட்பதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்த மேஸ்திரி குச்சியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேல போகப் போக வாய் அகலம் தம்பி. ஒவ்வொரு அடுக்கும் பெருசாகுது. அப்ப ஒரு லிட்டருக்கு உசரம் கம்மியாத்தானே ஏறும்?”